ஓர் இராச்சியம், மூன்று அணிகள்: பெண்கள் ஹேண்ட்போல் களம் சொல்லும் அரசியல்

2025 டிசெம்பர் 14ஆம் திகதி நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் நடைபெற்ற பெண்கள் ஹேண்ட்போல் உலக சம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் நோர்வே 23–20 என்ற கோல் கணக்கில் ஜேர்மனியை வென்றது. நோர்வேக்கு இது ஐந்தாவது உலகப் பட்டம். ஜேர்மனியும் நெதர்லாந்தும் இணைந்து நடத்திய இந்தத் தொடரில் 32 அணிகள் ஆடின. கிரிக்கெட்டால் நிரம்பிய நமது விளையாட்டுப் பக்கங்களில் இப்படியான தொடர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால், அந்த 32 பெயர்களுக்குள் இருந்த ஒரு பெயர் நம்மைப் போன்றவர்கள் நின்று கவனிக்க வேண்டிய பெயர்: பரோயே தீவுகள்.

ஹேண்ட்போலை நமது ஊர்களில் ஆடும் கரப்பந்தாட்டத்துடன் குழப்பிக்கொள்ளக்கூடாது. 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட உள்ளக அரங்கில், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடி, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் விளையாட்டு இது. வட ஐரோப்பாவிலும் பால்கன் நாடுகளிலும் பெண்கள் ஆடும் ஹேண்ட்போலுக்கு அரங்குகள் நிறைகின்றன. ஒரு சிறிய மக்கள் கூட்டம் தன்னை உலகுக்குக் காட்டிக்கொள்வதற்கு அங்கே இதைவிட நல்ல மேடை குறைவு.

பரோயே தீவுகளின் சனத்தொகை ஏறத்தாழ 54,000. யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் வாழ்பவர்களைவிடக் குறைவு. அது ஒரு தனிநாடும் அல்ல. டென்மார்க் இராச்சியத்துக்குள் இருக்கும் 18 தீவுகள். ஆனாலும் தனது கொடியுடனும் தனது பெயருடனும் முதன்முறையாக உலக சம்பியன்ஷிப்புக்கு வந்து, முதற் சுற்றையும் தாண்டியது. அதற்கு ஒரு வருடத்துக்கு முன்னர், 2024 ஐரோப்பிய சம்பியன்ஷிப்பில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அந்த அணி எதிர்கொண்டவர்களுள் ஒருவர் டென்மார்க். சிவப்பில் வெள்ளைச் சிலுவை கொண்ட டென்மார்க்கின் கொடி ஒரு பக்கம். வெள்ளையில் நீலக்கரை வைத்த சிவப்புச் சிலுவை கொண்ட பரோயேயின் கொடி மறுபக்கம். டென்மார்க் வென்றது. ஒரே இராச்சியத்தின் கடவுச்சீட்டை வைத்திருக்கும் இரண்டு அணிகள் எதிரெதிரே ஆடியதால் இராச்சியம் உடையவில்லை.

ஒரு கொடியின் பின்னால்

இந்தக் கொடி அன்பளிப்பாகக் கிடைத்ததல்ல. 1946இல் பரோயே தீவுகளில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் மிகச் சிறிய வித்தியாசத்தில் பிரிந்து செல்வதற்கு ஆதரவு கிடைத்தது. டென்மார்க் மன்னர் பரோயே நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அடுத்து வந்த தேர்தலில் சேர்ந்திருக்க விரும்பிய கட்சிகள் பெரும்பான்மை பெற்றன. பிரச்சினை அதோடு முடிந்துவிட்டது என்று கொப்பன்ஹேகன் கோப்பை மூடிவைக்கவில்லை. 1948இல் தன்னாட்சிச் சட்டம் வந்தது. கொடியும் மொழியும் அந்தச் சட்டத்தில் அங்கீகாரம் பெற்றன.

நம்மில் பலருக்கு இந்த இடம் உறைக்கும். பிரிவினைக் கோரிக்கை எழுந்து இரண்டே வருடங்களில், அந்தக் கோரிக்கைக்குக் காரணமான உணர்வுக்குச் சட்டத்தில் ஓரிடம் கொடுக்கப்பட்டது. இலங்கையில் பண்டா – செல்வா ஒப்பந்தம் 1957இல் எழுதப்பட்டு, மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. இரண்டு பாதைகளும் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை விளக்கத் தேவையில்லை.

கிறீன்லாந்தின் கதையும் இதே இராச்சியத்துக்குள் நடப்பது. 1979இல் உள்ளகத் தன்னாட்சி, 2009இல் விரிந்த சுயாட்சி. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரை, கிறீன்லாந்து மக்களை சர்வதேச சட்டத்தின் கீழ் சுயநிர்ணய உரிமை கொண்ட ஒரு மக்களாக ஏற்கிறது. சுமார் 56,000 பேர் வாழும் அந்தத் தீவின் பெண்கள் அணி 2023 உலக சம்பியன்ஷிப்பில் ஆடியது. அந்தத் தொடரை டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய மூன்றும் இணைந்து நடத்தின. டென்மார்க்கும் ஆடியது, கிறீன்லாந்தும் ஆடியது. 2023இல் ஒரு தீவு, 2025இல் இன்னொரு தீவு. ஓர் இராச்சியத்துக்கு மூன்று அணிகள்.

பிரிந்த பிறகு பெல்கிரேட்டில்

பிரிந்தே போனவர்களின் கதை மொன்டினீக்ரோவுடையது. சனத்தொகை சுமார் 620,000. ஏறத்தாழ யாழ்ப்பாண மாவட்டத்தின் அளவு. 2006 மே 21ஆம் திகதி நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 55.5 வீதமானோர் சேர்பியாவிலிருந்து பிரிவதற்கு வாக்களித்தனர். ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருந்த எல்லை 55 வீதம். மயிரிழையில் கிடைத்த முடிவை சேர்பியா அடுத்த மாதமே ஏற்றுக்கொண்டது.

ஆறு வருடங்களின் பின்னர், 2012 ஆகஸ்ட்டில், லண்டன் ஒலிம்பிக்கில் மொன்டினீக்ரோவின் பெண்கள் ஹேண்ட்போல் அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. அந்த நாட்டின் வரலாற்றில் முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அதே வருடம் டிசெம்பரில் ஐரோப்பிய சம்பியன்ஷிப் சேர்பியாவில் நடந்தது. அரையிறுதியில் சேர்பியாவை வென்ற மொன்டினீக்ரோ, பெல்கிரேட்டில் நடந்த இறுதிப் போட்டியில் இரண்டு மேலதிக நேரங்களுக்குப் பின்னர் நோர்வேயை 34–31 என்று வீழ்த்தியது. பழைய தலைநகரில், பிரிந்துபோன சிறிய பங்காளியின் கீதம் ஒலித்தது.

லண்டனில் ஆடிய பொஜானா பொபோவிச், 2001 உலக சம்பியன்ஷிப்பில் யூகோஸ்லாவியா என்ற பெயரில் வெண்கலம் வென்றவர். பின்னர் மொன்டினீக்ரோவின் பயிற்றுநராக 2022 ஐரோப்பிய சம்பியன்ஷிப்பில் வெண்கலம் பெற்றுக் கொடுத்தார். ஒரு பெண்ணின் விளையாட்டு வாழ்க்கைக்குள் ஒரு நாடு மறைந்து இன்னொன்று பிறந்திருக்கிறது. 1990 உலக சம்பியன்ஷிப்பின் முதல் மூன்று இடங்களைப் பெற்றவை சோவியத் ஒன்றியம், யூகோஸ்லாவியா, கிழக்கு ஜேர்மனி. மூன்றுமே இன்று இல்லை. எல்லைகள் நிரந்தரமானவை என்று சொல்பவர்களுக்கு அந்தப் பட்டியலைக் காட்டலாம்.

விலக்கப்பட்டவர்களும் விலக்கப்படாதவர்களும்

“விளையாட்டில் அரசியல் வேண்டாம்” என்ற வாசகம் நமது நாட்டில் அடிக்கடி கேட்பது. நடைமுறை வேறு. உக்ரேன் மீதான படையெடுப்புத் தொடங்கிச் சில நாட்களுக்குள், 2022 பெப்ரவரி 28ஆம் திகதி, ஐரோப்பிய ஹேண்ட்போல் சம்மேளனம் ரஷ்யாவையும் பெலாரஸையும் இடைநிறுத்தியது. டோக்கியோவில் வெள்ளி வென்ற ரஷ்யப் பெண்கள் சர்வதேசக் களத்திலிருந்து மறைந்தனர். 1992 மே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 757ஆவது தீர்மானம் யூகோஸ்லாவியாவுக்கு எதிரான தடைகளில் விளையாட்டையும் சேர்த்தது.

முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு 21 மாதங்களில், 2011 பெப்ரவரியில், கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை இலங்கை இணைந்து நடத்தியது. சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கைக் கிரிக்கெட்டை இடைநிறுத்தியது 2023 நவம்பரில். காரணம் சபையின் நிர்வாகத்தில் அரசாங்கத்தின் தலையீடு. கொல்லப்பட்டவர்களுக்காக மூடப்படாத கதவு ஒரு நிர்வாகச் சண்டைக்காக மூடப்பட்டது. வீரர்களைத் தண்டிப்பது சரியா என்பது வேறு விவாதம். ஆனால், எந்தப் போருக்குத் தண்டனை, எந்தப் போருக்கு இல்லை என்று தீர்மானிப்பது அரசியல்தான்.

கொடி நீதியல்ல

இவற்றை எல்லாம் சொல்லி, ஓர் அணி கிடைத்தால் போதும் என்ற முடிவுக்கு வருவது ஆபத்தானது. கிறீன்லாந்தையே பாருங்கள். 1966 முதல் 1970 வரையான காலத்தில் அங்கே சுமார் 4,500 பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் டென்மார்க்கின் மருத்துவத்துறை கருத்தடைச் சாதனம் பொருத்தியது. பலருக்கு அவர்களது சம்மதமோ அறிவோ இல்லாமல். டென்மார்க் பிரதமர் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2025இல்தான். அந்தப் பெண்களின் பேத்திகள் வயதில் இருப்பவர்கள் கொடியுடன் உலக அரங்கில் ஆடி இரண்டு வருடங்களின் பின்னர். அங்கீகாரம் ஒரு பாதையில் வருகிறது. பொறுப்புக்கூறல் வேறொரு பாதையில், பெரும்பாலும் தாமதமாக வருகிறது. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போட விடக்கூடாது.

நமது பக்கத்தில் இரண்டு அனுபவங்கள் உண்டு. புலம்பெயர்ந்தோர் அமைத்த தமிழீழ உதைபந்தாட்ட அணி, அங்கீகாரம் பெறாத நாடுகளுக்கான தொடர்களில் 2012 முதல் ஆடியிருக்கிறது. உணர்வுக்கு அது பெரிய விடயம். ஆனால், பரோயேயின் அணி உத்தியோகபூர்வமான களத்தில் நிற்பது டென்மார்க்கின் சம்மதத்துடன்; அதனால்தான் அங்கே நிரந்தரமாக நிற்கிறது. இன்னொரு பக்கம், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் நின்றார். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவிகளின் உதைபந்தாட்டம் நாடறிந்தது. திறமைக்கு இங்கே குறைவில்லை.

குறைவு எங்கே என்பதை வன்னியில் செய்தி சேகரிக்கப் போகும்போது கேட்டிருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் தாய்மார் கிண்ணங்களைப் பற்றிக் கேட்பதில்லை. பின்னேரம் பயிற்சி முடிந்தால் வீட்டுக்குப் போக பஸ் இருக்குமா, இருட்டில் யார் கூட்டிவருவது என்று கேட்கிறார்கள். அப்பா இல்லாத, அம்மா கூலிக்குப் போகும் வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், பிள்ளையின் விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும்.

அந்தப் பஸ்ஸையும் மைதானத்தின் மின்விளக்கையும் பெண் பயிற்றுநர் ஒருவரின் நியமனத்தையும் தீர்மானிக்க வேண்டியது அருகில் இருக்கும் ஒரு நிர்வாகம். அந்தத் தாய்மார் வாக்குப் போட்டு மாற்றக்கூடிய ஒரு நிர்வாகம். வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. மாகாணத்தின் பெயரில் பிள்ளைகள் தேசிய விளையாட்டு விழாவில் ஓடுகிறார்கள். அந்த மாகாணத்துக்கு மக்கள் தெரிவுசெய்த ஆட்சி இல்லை.

54,000 பேரைக் கொண்ட தீவுகள் உலக அரங்குக்கு வந்த வழியில் முதலில் இருந்தது 1948ஆம் ஆண்டின் சட்டம். பந்து பிறகு வந்தது. மாகாண சபையே தேவையில்லை, அபிவிருத்தி போதும் என்று கொழும்பில் பேசுபவர்களுக்கும், மாகாண சபையில் என்ன இருக்கிறது என்று நம்மிடையே அலட்சியமாகக் கேட்பவர்களுக்கும் பரோயேப் பெண்களின் அணி ஒரே பதிலைச் சொல்கிறது: சிறியதானாலும் சொந்தமான ஓர் அதிகாரத்தை விடாமல் பிடித்து வளர்த்தால், பிள்ளைகள் தமது பெயரிலேயே உலகத்தின் முன் நிற்க முடியும்.