பிள்ளைக்குத் தாய் பிணை நிற்கட்டும்

விதை நெல்லுக்கும் பசளைக்கும் கடன் கேட்டு வங்கிப் படியேறும் கமக்காரனிடம், "பிணையாளர் யார்?" என்றே முதலிற் கேட்கின்றனர். அவனுடைய வயலும் வீடும் ஊரறிந்தவை. ஆயினும் பிணையின்றிக் காசு வெளிவராது. சில ஏக்கர் வயலுக்கே இத்தனை கண்டிப்பென்றால், கோடிக்கணக்கான பொதுப் பணத்தில் எழும் துறைமுகத்துக்கும் பாலத்துக்கும் பிணை நிற்பவர் யார்? கல்முனைக் கரையோர மக்கள் இவ்வினாவை எழுப்ப நியாயம் உண்டு.

ஒலுவிலை எண்ணிப் பார்ப்போம். மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் கண்ட கனவு அத்துறைமுகம். டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இல் தொடங்கிய வேலை முற்றுப்பெற்று, 2013 செப்டெம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. பின்னர் நடந்ததை நாடறியும். மணல் வந்து வாயிலை அடைத்தது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையைத் தின்றது. தென்னைகள் வீழ்ந்தன, கரைவலை இழுக்கும் கரையும் சுருங்கிற்று. இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. குறுக்கே கல்லணை எழுந்தால் ஒருபுறம் குவியும், மறுபுறம் குறையும். எந்த நிறுவனத்தின் மீதும் குற்றஞ் சுமத்த இதனை நாம் கூறவில்லை. வேலை முடிந்த பின்னரும் பொறுப்பு முடிவதில்லை என்பதற்கே கூறுகின்றோம்.

பெரிய கம்பெனிகள் சிலவேளை தம் பெயரில் வேலை எடாது, சிறு மூலதனத்துடன் உபகம்பெனி ஒன்றை அமைத்து அதன் பெயரில் ஒப்பமிடுகின்றன. சட்டத்தின் கண்ணில் தாய் வேறு, பிள்ளை வேறு. பிள்ளை முறிந்தால், பொதுவிதியாகத் தாயின் பெட்டகத்தைத் தொட முடியாது. அதற்கு வழிசெய்வதே தாய்க் கம்பெனியின் பிணைப் பத்திரம். சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் சம்மேளனமாகிய 'பிடிக்' 1999இல் வெளியிட்ட ஒப்பந்த நூலிலேயே இதற்கு மாதிரி உண்டு.

இப்பிணை எழுத்தில் இருக்க வேண்டும். பிறர் கடனுக்கு நிற்கும் வாக்கு எழுதி ஒப்பமிடப்படாவிடின் செல்லாதென்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். மேடையிற் பேசிய உறுதி நீதிமன்றப் படியேறாது. அன்றியும், "முதலிற் கடனாளியிடம் கேள்" என்று விலகும் சலுகையை எமது உரோமன் டச்சுச் சட்டம் பிணையாளருக்கு அளிக்கின்றது. அச்சலுகையைத் துறப்பதாகப் பத்திரத்திலேயே எழுதுவிக்க வேண்டும்.

தாயே சாய்ந்தால்? 2018 ஜனவரியில் பிரித்தானியாவின் காரிலியன் கம்பெனி முறிந்தபோது லிவர்பூலிலும் பர்மிங்ஹாமுக்கு அருகிலும் ஆஸ்பத்திரி வேலைகள் அரைகுறையாய் நின்றன. ஆகவே வங்கிப் பிணையும் உடன் வேண்டும். பிணை கேட்டால் விலை ஏறும் என்பர் சிலர். வங்கிப் பிணைக்குத் தரகு உண்டு, உண்மை. ஆனால் தன் பிள்ளைக்குத் தாய் ஒப்பமிட என்ன பெருஞ்செலவு? ஒப்பமிடத் தயங்கும் தாயை நாம் ஏன் நம்ப வேண்டும்?

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. பிணை என்பது ஒப்பந்தத்தின் நிழல். ஒப்பந்தத்தில் இல்லாத கடமைக்குப் பிணையும் இல்லை. வேலிக்கு வெளியே கரை அரித்தால் யார் பொறுப்பு, வாயிலில் மணல் சேர்ந்தால் யார் அகற்றுவது, எத்தனை ஆண்டுக்கு என்பவை முதலில் எழுதப்பட வேண்டும். பின்னரே பிணைக்குப் பொருள் உண்டு.

எனவே, இனி இக்கரையில் எழும் ஒவ்வொரு பெருவேலைக்கும் இக்கடமைகளும் தாய்க் கம்பெனியின் பிணையும் ஒப்பந்தத்தில் இடம்பெறல் வேண்டும். அவற்றின் தமிழ்ப் பிரதி உள்ளூராட்சி மன்றங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். எம் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் அவற்றை வாசித்து ஊருக்கு விளக்குவார்களாக. கமக்காரனிடம் கேட்கும் பிணையைக் கம்பெனியிடமும் கேட்பதே நீதி.