நிலைமமும் பின்னிருக்கையும்

தில்லியில் நகரப் பேருந்து ஒன்று விரைந்து செல்கிறது. ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை அழுத்துகிறார். நின்றுகொண்டிருந்த பயணி ஒருவர் முன்னால் நிற்பவர்மீது சாய்கிறார். “வண்டி தள்ளிவிட்டது” என்று வருத்தம் தெரிவிக்கிறார். உண்மையில் வண்டி அவரை முன்னோக்கித் தள்ளவே இல்லை. அதன் தளம் அவருடைய கால்களைப் பிடித்து நிறுத்தியது. மேலுடலோ பழைய வேகத்திலேயே சென்றது.

இப்பண்பிற்குத் தமிழில் நிலைமம் என்று பெயர். ஆங்கில வழியில் அறிவியல் பயிலும் மாணவர் இதனை ‘இனர்ஷியா’ என அறிவர். அது சோம்பலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்தியில் வழங்கும் ‘ஜடத்வ’ என்பதும் அசைவற்ற சடப்பொருளையே நினைவூட்டுகிறது. சோம்பல் என்றதும், கிடந்த இடத்திலேயே கிடக்கும் கல்தான் மனத்தில் தோன்றும். ஓடும் பொருளும் தடுப்பது ஒன்று இல்லையேல் தன் ஓட்டத்தை விடாது என்னும் மறுபாதி தோன்றாது. ‘நிலை’ என்னும் அடியிலிருந்து பிறந்த தமிழ்ச்சொல்லோ, ஓய்வாயினும் இயக்கமாயினும் உள்ள நிலையில் தொடர்வதைக் குறிக்கிறது. கலைச்சொற்கள் எல்லாம் இவ்வாறு பொருந்தி அமைவதில்லை. இது நன்கு அமைந்தது.

அம்மறுபாதியை அறிஞர் உலகமும் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. தள்ளுவதை நிறுத்தினால் பொருள் தானே நின்றுவிடும் என்பதே அரிஸ்டாட்டில் காலம் முதல் நிலவிய கருத்து. தரையில் உருட்டிய பந்து நிற்பதைக் கண்டவர்க்கு அது இயல்பாகவே தோன்றும். சாய்தளச் சோதனைகளின் வழியே கலிலியோ அதனை மறுத்தார். பந்தை நிறுத்துவது உராய்வு. உராய்வு இல்லையேல் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். 1687-இல் வெளிவந்த ‘பிரின்சிப்பியா’ நூலில் நியூட்டன் இக்கருத்தை முதல் இயக்க விதியாக வைத்தார்.

இவ்விதியைத் தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவர், விடுமுறையில் மகிழுந்தின் பின்னிருக்கையில் இருக்கைப் பட்டை அணியாமல் அமர்கின்றனர். “பின்னால்தானே” என்று பெற்றோரும் விட்டுவிடுகின்றனர். இது வருந்தத்தக்கது. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து, ஒரு வினாடியில் 15 மீட்டர் கடக்கிறது. அது எதிலோ மோதி, பத்தில் ஒரு வினாடியில் நிற்பதாகக் கொள்க. தாயின் மடியில் உள்ள 10 கிலோகிராம் நிறையுடைய குழந்தையையும் அதே நேரத்தில் நிறுத்துவதற்கு, இரண்டாம் விதிப்படி, 1500 நியூட்டன் விசை தேவை. ஏறத்தாழ 150 கிலோகிராம் சுமையைத் தாங்குவதற்கு இது ஒப்பாகும். எத்துணை அன்பு இருப்பினும் தாயின் கைகளுக்கு அது இயலாது. பட்டை அணியாத மாணவர் முன்னிருக்கையின் முதுகில் மோதினால், அவர் இருக்கையைத் தாக்கும் அதே அளவு விசையால் இருக்கையும் அவரைத் தாக்கும். இது மூன்றாம் விதி. முன்னால் அமர்ந்திருப்பவருக்கும் அதனால் காயம் நேரலாம்.

இருக்கைப் பட்டை நிலைமத்தை நீக்குவதில்லை. வண்டியோடு உடலையும் சேர்த்து நிறுத்துகிறது. விசையை மார்பு, இடுப்பு எலும்புகளில் பரவச் செய்கிறது. சற்றே நீண்டு கொடுத்து, உடல் நிற்பதற்கு ஆகும் நேரத்தைக் கூட்டுகிறது. சிறு குழந்தைக்குப் பெரியவர்களின் பட்டை பொருந்தாது. அதற்கெனச் செய்யப்பட்ட இருக்கை வேண்டும். பட்டை அணியாதவர்க்கு ரூ.1000 அபராதம் என்று 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கூறுகிறது. அபராதத்திற்கு அஞ்சி முன்னிருக்கையில் மட்டும் பட்டையை இழுத்து மாட்டுவோர் பலர். பின்னிருக்கையும் அதே 54 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது.