உருகி என்றே பயிற்றுக!

தொடக்கப்பள்ளிகளில் மின்பணியாளரையும் அவர்தம் கருவிகளையும் படங்காட்டி விளக்குகின்றனர். நன்றே. 230 வோல்ட்டு மின்னழுத்தமுள்ள வீடுகளில் விளையாடும் பிள்ளைகட்கு அஃது உயிர்காக்கும் பாடம். ஆயின், குறடும் திருப்புளியும் தமிழாய் நிற்க, ஏனையவெல்லாம் 'பியூசு', 'எர்த்து' என்றே பிஞ்சு உள்ளங்களில் திணிக்கப்படுகின்றன.

'பியூசு' என்னும் ஒலி குழந்தைக்கு எதனை உணர்த்தும்? 'உருகி' என்று சொல்லிப் பாருங்கள். "எது உருகும், ஐயா?" என்று அதுவே வினவும். அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் அம் மெல்லிய கம்பி சூடேறி உருகி அறும், ஓட்டம் நிற்கும், வீடு தப்பும். உருகவேண்டியது உருகாதவாறு அங்கே தடித்த கம்பியைச் சுற்றிவைத்தால், சுவருக்குள் ஓடும் கம்பியன்றோ எரியும்! இத்துணையும் ஒரு சொல்லிலிருந்தே விரியும். 'நிலக்கம்பி' என்றாலோ, தேய்ப்புப் பெட்டியின் உடலிற் கசியும் மின்னைப் பச்சைக் கம்பி நிலத்திற்குக் கொண்டுசெல்வது விளங்கும்.

"வோல்ட்டை என்செய்வீர்?" என்பார் உளர். அஃது இத்தாலிய அறிஞர் வோல்ட்டாவின் பெயரால் அமைந்த அலகு. மாந்தர் பெயரை மொழிபெயர்ப்பாரில்லை. பியூசு எவர் பெயரோ?

பாடநூலில் 'மின்னுருகி' அச்சேறியே உள்ளது. கற்பிப்போர் நாவில்தான் இன்னும் ஏறவில்லை.