அர்ச்சனைத் தட்டும் ஆறு கிளைடரும்

ஹம் காமாட்சி அம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கிறீர்கள். ஐயர் கேட்பார்: "பெயர்? நட்சத்திரம்?" பெயரைச் சொல்லிவிடுவோம். நட்சத்திரத்துக்கு எங்களில் பாதிப் பேர் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்ப்போம். நான் 22 வயது வரைக்கும் அப்படித்தான் பார்த்தேன்.

இப்போது எனக்கு முதல் ஆறு நட்சத்திரமும் வரிசையாகப் பாடம். தேவாரம் படித்து வந்த அறிவு என்று நினைக்காதீர்கள். விமானத்தால் வந்தது.

டில்லியில், சப்தர்ஜங் விமானத்தளத்தில், இந்திய அரசின் சிவில் விமானத் துறைக்கு ஒரு தொழில்நுட்ப மையம் இருந்தது. அங்கே கிளைடர் வடிவமைத்தார்கள். கிளைடர் என்றால் இயந்திரம் இல்லாத விமானம். இங்கே ஸேகல்ஃப்ளூக்சொய்க் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1958இல் பறந்ததற்கு அஸ்வினி என்று பெயர். பிறகு பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர். 1970களின் கடைசியில் ஆர்த்ரா, அதாவது எங்கள் திருவாதிரை. பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைச் சித்தியின் மகளுக்குச் சொன்னேன். அவளுக்கு 15 வயது, நட்சத்திரம் புனர்பூசம். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப அடுத்தது என்ரயோ?" என்றாள். அந்தக் கேள்வியில் இருந்துதான் எங்கள் வீட்டில் ஒரு சண்டை தொடங்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஆறிலும் எனக்குப் பிடித்தது கார்த்திக். ஒரே ஒரு இருக்கை. எஸ். ராமாமிர்தம் என்பவர் வடிவமைத்தது. 1963 மார்ச்சில் முதல் தடவை பறந்தது. முழுக்க மரம். இறகு ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரை 15 மீட்டர். ஹம் கோயிலின் ராஜகோபுரம் 17 மீட்டர். அதைப் புல்லில் படுக்க வைத்தால் எவ்வளவு நீளம் வருமோ அதற்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஒரு ஆள் மட்டும், ஏறக்குறையப் படுத்தபடி.

ஏன் இவ்வளவு நீள இறகு? இயந்திரம் இல்லாத விமானம் எப்போதும் கீழே சறுக்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னுக்குப் போகிறது என்பதுதான் கணக்கு. இறகு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் காற்று குறைவாக இழுக்கும், அதிக தூரம் போகலாம். அப்படியென்றால் 30 மீட்டருக்கு நீட்டலாமே என்று தங்கச்சி கேட்டாள். நீட்டலாம். ஆனால் நீட்ட நீட்ட இறகின் அடியில் வளைக்கும் விசை கூடும். அதைத் தாங்க உள்ளே இருக்கும் முதன்மைக் கட்டையைத் தடிப்பாக்க வேண்டும். தடிப்பாக்கினால் பாரம். பாரம் கூடினால் மெதுவாக ஏறும் வெப்பக் காற்றில் மேலே போக முடியாது. பாரத்தைக் குறைக்கப் போனால் வெயிலில் வேகமாகப் பறக்கும் வசதி போய்விடும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று போகும்; எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்க முடியாது. வடிவமைப்பாளர் எதை விட்டுக்கொடுத்தார் என்று பார்த்தால் அவர் யார் என்று தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இன்னொரு தலையிடி, மேற்பரப்பு. இறகின் முன்பகுதியில் காற்று குழம்பாமல் வழுக்கிப் போனால் இழுவை நன்றாகக் குறையும். ஆனால் மிகச் சின்ன மேடு பள்ளமும் அதைக் குழப்பிவிடும். ஒரு நுளம்பு அடிபட்டு ஒட்டினாலே காணும். இன்றைய போட்டிக் கிளைடர்களில் பறந்துகொண்டே இறகைத் துடைக்கிற சின்னக் கருவி பூட்டியிருப்பார்கள். நான் பகிடி விடவில்லை. நுளம்புக்கே இந்தப் பாடு என்றால் மரத்தை யோசித்துப் பாருங்கள். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். டில்லியின் மே மாதமும் மழைக்காலமும் எப்படி இருக்கும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

அந்த நேரம் யேர்மனியில் இதற்கு வேறு விடை வந்துவிட்டது. 1957 நவம்பரில் ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த ரிச்சார்ட் எப்லர், ஹெர்மான் நேகலே ஆகியோரின் ஃபோனிக்ஸ் பறந்தது. கண்ணாடி இழையாலும் பிசினாலும் கட்டிய முதல் கிளைடர். அச்சில் வார்த்து எடுப்பதால் இறகு கண்ணாடி போல வழுவழுப்பாக வரும். இன்றைக்கு நீங்கள் லிப்பே ஆற்றுப் புல்வெளிக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் கிளைடர்கள் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அழகுக்காக அல்ல. அந்தப் பிசின் சூட்டில் இளகும். கறுப்போ சிவப்போ பூசினால் வெயிலை உறிஞ்சிவிடும். அதனால் வெள்ளை.

அப்படியானால் 1963இல் மரத்தால் செய்த கார்த்திக் பிந்திப் போனதா? இணையத்தில் யாராவது அப்படி எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாசர்குப்பே மலைக்குக் கீழே இருக்கும் ஷ்லைஹர் தொழிற்சாலை, ருடோல்ஃப் கைசர் வடிவமைத்த கா 6 என்ற ஒற்றை இருக்கைக் கிளைடரை 1955இல் இருந்து மரத்தில்தான் செய்தது. 1000க்கு மேல் விற்றது. மரம் கையில் இருந்தது, தச்சுத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். இருப்பதை வைத்துச் செய்தார்கள். ராமாமிர்தமும் அதைத்தான் செய்தார்.

யேர்மனியின் கதையே அதுதான். முதலாம் உலகப் போரில் தோற்றபின் வெர்சாய் ஒப்பந்தம் இயந்திர விமானத்துக்குப் பூட்டுப் போட்டது. இயந்திரம் இல்லாவிட்டால் என்ன என்று மாணவர்கள் 1920இல் வாசர்குப்பேக்கு ஏறினார்கள். ஹனோவர் மாணவர்களின் வம்பீர் என்ற ஒற்றை இருக்கைக் கிளைடர் 1922இல் முதலில் ஒரு மணி நேரம், சில நாட்களுக்குள் மூன்று மணி நேரம் மேலே நின்றது. அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. டாம்ஸ்டாட், பிரவுன்ஷ்வைக், ஆகன், மியூனிக் பல்கலைக்கழகங்களில் அகாஃப்ளீக் என்ற மாணவர் கழகங்கள் உண்டு. படிக்கிற பிள்ளைகள் தாங்களே கிளைடர் வடிவமைத்து, தாங்களே பிசின் குழைத்து, தாங்களே பறக்கிறார்கள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

தங்கச்சி கழகத்தில் சேர வேண்டும் என்கிறாள். இங்கே 14 வயதில் பழகத் தொடங்கலாம், 16இல் அனுமதிப் பத்திரம் எடுக்கலாம். பெற்றோர் கையெழுத்து வேண்டும். சித்தி வைக்க மாட்டேன் என்கிறா. "முதல் அபித்தூரை முடி. பிறகு பாப்பம்."

எனக்கும் 15 வயதில் இதே ஆசை இருந்தது. அம்மா சொன்ன பதில் வேறு. அவ சத்தம் போடவில்லை. "பிளேன் சத்தம் கேட்டா நாங்கள் பங்கருக்குள்ள ஓடின ஆக்கள். நீ அதுக்குள்ள ஏறப் போறியோ?" என்றா. நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் இது இருக்கும். எங்கள் பெற்றோர் சத்தத்தை வைத்தே எந்த பொம்பர் வருகிறது என்று சொல்லக்கூடியவர்கள். கிபிர் என்ற சொல்லை நாங்கள் ஒரு விமானத்தின் பெயராகக் கேட்டு வளரவில்லை, அம்மா அப்பாவின் முகம் மாறுகிற ஒரு நேரமாகத்தான் கேட்டோம். அந்தப் பயத்தைப் பழைய ஆட்களின் பயம் என்று தட்டிவிடுகிறவர்களோடு எனக்குக் கோபம் வரும்.

ஆனாலும் நான் தங்கச்சியின் பக்கம்தான். கிளைடர் ஆபத்து இல்லாதது என்று பொய் சொல்ல மாட்டேன், விபத்து நடக்கிறது, ஆட்கள் சாகிறார்கள். நான் சித்திக்குச் சொன்னது வேறு. இந்தப் பொருளைச் செய்கிறவர்களும் பயந்துதான் செய்கிறார்கள் என்று சொன்னேன். பயந்தபடியால் அளந்திருக்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி சாதாரணக் கிளைடரின் இறகு அதன் பாரத்தைப்போல 5.3 மடங்கைத் தாங்க வேண்டும். அதற்கு மேல் இன்னும் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு. புது வடிவமைப்பு என்றால் அந்த அளவுக்குச் சுமையேற்றிக் காட்ட வேண்டும். சில நேரம் முறியும் வரைக்கும் ஏற்றுவார்கள். இரண்டு வருடம் கையால் செய்த இறகை மாணவர்களே முறிக்கிற ஒரு காணொளியைச் சித்திக்குக் காட்டினேன். "ஐயோ, அநியாயம்" என்றா. பிறகு திரும்பவும் போடச் சொன்னா.

உங்களோடு எனக்கு இருக்கிற வழக்கு வேறு. எங்கள் வீடுகளில் பொறியியல் என்றால் எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் கையில் பசை ஒட்டுகிற பொறியியல் என்றால் முகம் சுருங்கும். பட்டம் வேண்டும், பட்டறை வேண்டாம். கிளைடர் கழகத்தில் சேர்ந்தால் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் இறகைத் தேய்க்க வேண்டும், கோடையில் ஒரு பறப்புக்காக நாள் முழுக்க மற்றவர்களின் கிளைடரைத் தள்ள வேண்டும். டொச் பொடியள் இதை 14 வயதில் செய்கிறார்கள். 19 வயதில் பல்கலைக்கழகத்தில் அருகில் உட்காரும்போது எங்களை விட அவர்களுக்கு விமானப் பொறியியல் ஏன் விளங்குகிறது என்று நாங்கள் மூளையைக் குற்றம் சொல்கிறோம். எனக்கு அந்த இரண்டாம் செமஸ்டர் நல்ல ஞாபகம். இறகின் வளைவுக் கணக்கை நான் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் கண்ணை மூடிக்கொண்டு கையை மேலும் கீழும் அசைத்து யோசித்தான். அவனுக்கு அந்த இறகு கையில் இருந்தது.

ஒற்றை இருக்கையில் இன்னொரு விசயம் உண்டு. இரட்டை இருக்கையில் பின்னால் ஆசிரியர் இருப்பார், பிழை விட்டால் பிடித்துக்கொள்வார். ஒற்றை இருக்கையில் முதல் பறப்பே தனியாகத்தான். அந்த விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்று தரையில் வைத்துச் சொல்லலாம், எழுதிக் கொடுக்கலாம், கூடவே ஏற முடியாது. இதைச் சித்தப்பாவுக்கு விளங்கப்படுத்தினபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1980களில் 19 வயதில் தனியாகக் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்தவர். "ம்ம்" என்றார், அவ்வளவுதான்.

போன ஞாயிறு அவர் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு லிப்பே புல்வெளிக்குப் போயிருக்கிறார். காரை விட்டு இறங்கவில்லையாம். விஞ்ச் கம்பியை இழுக்க, ஒரு வெள்ளைக் கிளைடர் நட்டுக்கு நேரே ஏறி, கம்பியை விட்டுவிட்டு, சத்தமே இல்லாமல் அவருடைய தலைக்கு மேலால் போயிருக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாராம். "ஒண்டும் கேக்கேல்லயே" என்று இரண்டு தடவை சொன்னதாகத் தங்கச்சி சொன்னாள்.

படிவம் இன்னும் சித்தி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், காமாட்சி அம்மன் படம் போட்ட காந்தத்துக்குக் கீழே இருக்கிறது. இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று விழுந்துவிட்டது.