பாலம் வருகிறது, கொடுவா வருமா?

நந்திக்கடல் என்றதும் எங்களில் பலருக்கு 2009 மே மாதமும் வட்டுவாகல் பாலமும்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அதற்கு முன்பு அந்தக் களப்புத்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. மாரி மழைக்கு முகத்துவாரம் திறந்துகொண்டால் சித்தப்பா வலையோடு வட்டுவாகல் பக்கம் போய்விடுவார். பெரிய கொடுவா ஒன்று பட்டால் அன்று அயல் வீடுகளுக்கும் கறி போகும்.

அண்மையில் ஊர்ச் சந்தையில் கொடுவா இருக்கிறதா என்று கேட்டேன். "முந்தின மாதிரி எங்க தம்பி, களப்பு தூர்ந்து போச்சு" என்றார் மீன் விற்றவர்.

அவர் சொன்ன காரணத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். கொடுவா ஓரிடத்தில் மட்டும் வாழும் மீன் அல்ல. கடல் நீர் கலக்கும் முகத்துவாரத்தை அண்டி அது முட்டையிடுகின்றது. குஞ்சுகள் களப்புக்குள் நுழைந்து கண்டல் வேர்களிடையே வளர்கின்றன. சில, ஆற்றின் நன்னீர் வரை ஏறும். வளர்ந்த மீன் முட்டையிடுவதற்குத் திரும்பவும் முகத்துவாரத்துக்கு வரும். இன்னொன்றும் உண்டு. கொடுவாக்களில் பெரும்பாலானவை முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடங்களின் பின்னரே பெண்ணாக மாறுகின்றன. ஒரு மீற்றரை நெருங்கிய கொடுவா என்றால் அது அனேகமாகத் தாய் மீன்தான்.

ஆகவே இந்த மீன் நிலைக்க வேண்டுமென்றால் ஆறு, களப்பு, முகத்துவாரம், கடல் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று தொடுத்திருக்க வேண்டும். போருக்குப் பின்னர் எங்கள் பகுதியில் நடந்தது இதற்கு நேரெதிரானது. மீன்பிடி ஒரு திணைக்களத்திடம் இருக்கின்றது. 2017 ஜனவரியில் நந்திக்கடலையும் அதைச் சூழ்ந்த பகுதிகளையும் சேர்த்து 4,000 ஹெக்டேயருக்கும் அதிகமான பரப்பு வர்த்தமானி மூலம் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வந்தது. வட்டுவாகலில் கடற்படை முகாம். களப்பை அண்டிய கேப்பாப்புலவில் இராணுவம் பிடித்த காணிகளுக்காக மக்கள் அதே 2017இல் வீதியோரத்தில் இரவு பகலாக இருந்தார்கள். கரைக்குப் போகும் வழி இல்லாதவனுக்குக் களப்பில் மீன் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டலைக் காக்காமல் கொடுவாவைக் காக்க முடியாது. எங்கள் பக்கத் தவறையும் மறைக்கக் கூடாது. சிறுகண் வலையால் குஞ்சுகளை வாரியெடுப்பவர்களில் எங்களவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒதுக்கிடம் என்று பெயர் வைத்துவிட்டு, களப்பைத் தூர்வாரி ஆழமாக்குங்கள் என்று மீனவர்கள் வருடக்கணக்காகக் கேட்பதைக் காதில் போடாமல் இருப்பது எந்த வகைப் பாதுகாப்பு? வண்டல் நிறைந்து ஆழம் குறைந்த நீர் கோடையில் சீக்கிரம் சூடேறும், வற்றும். அதில் குஞ்சு தங்காது.

இன்னொரு பக்கம், திருகோணமலைக் கடலில் கூடுகள் அமைத்து இதே கொடுவாவை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மீனுக்குப் பெறுமதி இருக்கின்றது என்பது கொழும்புக்கும் தெரியும். அதை முதலீடு இல்லாமலே விளைவித்துத் தந்த களப்புக்குத்தான் கேட்பார் இல்லை.

2025 செப்டெம்பரில் புதிய வட்டுவாகல் பாலத்துக்கான வேலைகள் ஆரம்பித்துவைக்கப்பட்டன. நல்ல விடயம். மழைக்காலத்தில் அந்தப் பழைய பாலத்தைக் கடப்பது எவ்வளவு பயம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் பாலத்துக்கு மேலே வாகனம் போவது போல, கீழே நீரும் மீனும் போய்வர வேண்டும். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது, எங்கே தூர்வாருவது, எந்த மாதங்களில் வலையை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் மேசையில் அந்தக் களப்பில் தொழில் செய்பவர்களின் சங்கங்களுக்கும் கதிரை இருக்க வேண்டும். வலை போடாத மாதங்களுக்கு அவர்களுக்கு நிவாரணமும் வேண்டும்.

நந்திக்கடலில் நாங்கள் இழந்தவர்களை யாராலும் திருப்பித் தர முடியாது. களப்பைத் திருப்பித் தரலாம். அதற்குக்கூட மனமில்லை என்றால், அபிவிருத்தி என்று இவர்கள் சொல்வது யாருக்காக?