பீன்யாவின் கட்டில் கணக்கு

குறுகிய கால வாடகை குறித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சுற்றுலா நகரங்களை முன்வைத்து எழுதப்பட்டவை. பார்சிலோனா தன் 10,101 சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் நீட்டிக்கப் போவதில்லை என்று 2024 ஜூனில் அறிவித்தது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாள்களுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். விருந்தினர் தங்கும் நாள்களில் அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். அமெரிக்க அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வொன்று, ஏர்பிஎன்பி பட்டியல் 1 விழுக்காடு கூடினால் வாடகை 0.018 விழுக்காடு கூடுவதாகக் கணித்தது. இவை அனைத்தும் கேட்கும் கேள்வி ஒன்றே: குடியிருப்போர் கையிலிருந்து பயணிகள் கைக்குப் போன வீடுகள் எத்தனை?

பெங்களூருவின் பீன்யாவில் இக்கேள்வியைக் கேட்டால் சொல்லத்தக்க விடை கிடைக்காது. 1970களின் பிற்பகுதியில் உருவாகி, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்த இடம் அது. இயந்திர உதிரிபாகப் பட்டறைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும் நிறைந்த அவ்வூருக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை. ஆயினும் குறுகிய கால வாடகை அங்கே இல்லை என்று முடிவு கட்டுவது பிழை. அங்கே அது வேறு பெயரில் வாழ்கிறது. அதன் பெயர் பிஜி விடுதி. அதன் அலகு வீடன்று, கட்டில்.

ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தளத்தை ஒரு குடும்பத்துக்கு விட்டால் மாதம் 12,000 ரூபாய் வருவதாகக் கொள்வோம். அதே இடத்தில் நான்கு கட்டில்கள் போட்டுத் தலைக்கு 6,000 ரூபாய் வாங்கினால் 24,000 ரூபாய். உணவுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவைக் கழித்த பின்னும் மிச்சம் கூடுதலாக இருக்கும்வரை உரிமையாளர் கட்டிலையே நாடுவார். அதையே நாளுக்கு 1,500 ரூபாய் வீதம் பயணிகளுக்கு விட்டால், 24,000 ரூபாயை எட்ட மாதத்தில் 16 நாள்கள் ஆள் தங்க வேண்டும். மாதாவரத்தில் உள்ள பன்னாட்டுக் கண்காட்சி மையத்துக்கு வெளியூரார் வருகிறார்கள். 2024 நவம்பரில் மெட்ரோவும் மாதாவரம்வரை நீண்டுவிட்டது. ஆனால் கண்காட்சிகள் சில நாள்களில் முடிந்துவிடும். ஆலைகளோ ஆண்டு முழுவதும் இயங்கும். ஆகவே பீன்யாவில் குடும்பத்தின் இடத்தைப் பிடிக்கும் வல்லமை பயணியைவிடத் தனியாள் தொழிலாளியின் கட்டிலுக்கே அதிகம். பார்சிலோனாவில் வாடகையை உயர்த்தும் அதே பொறிமுறை இங்கும் இயங்குகிறது. இடம் பெறுபவரும் இடம் இழப்பவரும் இருவருமே உழைப்பாளிகள் என்பதுதான் வேறுபாடு.

தொழிலாளர்கள் கட்டிலை விரும்பித்தானே தேர்கிறார்கள் என்ற வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பெங்களூரு வழக்கத்துக்கு முன், தருமபுரியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து இறங்கும் இளைஞருக்கு ஒண்டுக்குடித்தனம்கூட எட்டாது. ஆனால் கட்டிலைத் தேர்ந்த கணமே அவர் 'குடியிருப்பவர்' என்ற நிலையை இழந்து 'விருந்தினர்' ஆகிறார். குடியிருப்பவருக்கும் பெரிய பாதுகாப்பில்லை என்பது வேறு செய்தி: 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் பெங்களூருவில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகையைத் தொடுவதே இல்லை.

இவ்விருந்தினரை யாரென்று சொல்வதில் அரசுக்கே தெளிவில்லை. மாணவரும் பணியாளரும் தங்கும் விடுதி குடியிருப்பே என்று 2022 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. நாளுக்கு 1,000 ரூபாய்வரையிலான தங்குமிடங்களுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கு அதே ஆண்டு ஜூலையில் நீக்கப்பட்டது. 2023இல் பெங்களூருவின் முன்தீர்ப்பு ஆணையம், பிஜி விடுதி குடியிருப்பாகாது, 12 விழுக்காடு வரி உண்டு என்றது. 2024 ஜூனில் ஜிஎஸ்டி மன்றம், மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில் தொடர்ந்து 90 நாள்களேனும் தங்குவோருக்கு விலக்களிக்கப் பரிந்துரைத்தது. ஒப்பந்தக்காரர் மாறினால் ஆலையும் அறையும் மாறும் தொழிலாளிக்கு இந்த 90 நாள் எல்லை பொருந்தாது. 60ஆம் நாளில் கட்டிலைக் காலி செய்பவரைச் சட்டம் பயணியாகவே கருதும்.

2024 ஆகஸ்டில் அப்போதைய மாநகராட்சி, பிஜி விடுதிகளில் தலைக்கு 70 சதுர அடி இடம் வேண்டும் என விதித்தது. நல்ல விதி. மேற்சொன்ன நான்கு கட்டில்களுக்கு 280 சதுர அடி வேண்டும். இதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தினால் கட்டில்கள் குறையும். வேறு வழி திறக்காவிட்டால் எஞ்சியவற்றின் விலை ஏறும். அந்த வழியைத் தனியார் உரிமையாளரிடம் மட்டும் எதிர்பார்க்க இயலாது. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. அரசால் முடியும் என்பதற்கு அது சான்று. எனினும் ஆலையோடு பிணைந்த கட்டில் வேலையோடு சேர்ந்தே பறிபோகும் என்பதையும் மறத்தலாகாது. குடும்பத்துக்கு அங்கும் இடமில்லை.

ஆகவே நான்கு செய்ய வேண்டும். மலிவான கட்டில்களுக்கான வரிவிலக்கு நாள் எண்ணிக்கையைப் பாராமல் கட்டணத்தை மட்டுமே பார்க்க வேண்டும். உள்ளாட்சிப் பதிவேட்டில் கட்டடத்தோடு கட்டில்களும் எண்ணப்பட வேண்டும். குறைந்தபட்ச முன்னறிவிப்பின்றி ஒருவரையும் வெளியேற்றலாகாது. தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும்போதே, எந்த ஆலையையும் சாராத வாடகைக் குடும்ப வீடுகளுக்கும் நிலம் ஒதுக்க வேண்டும். ஆய்வாளர்களும் தங்கள் அளவுகோலை மாற்றிக்கொள்வது நல்லது. ஏர்பிஎன்பி பட்டியலை மட்டுமே எண்ணும் ஆய்வில், ஓர் ஊரின் உழைப்பாளிகள் அனைவரும் மாத விருந்தினராக மாறிய பின்னும் வாடகைச் சந்தை நலமாகவே தெரியும்.