ஆலோசனைக்குத் தனி அறை வேண்டும்

ஆசிரியருக்கு,

மனச்சோர்வு பற்றி மருத்துவர்கள் நிறைய எழுதுகிறார்கள். ஆலோசனைக்குப் போய்வந்தவர்கள் பேசுவது அரிது. நான் போனவள். முதலில் பார்த்த ஆலோசகர், 'கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்' என்றார். கதவு திறந்தே கிடந்ததால் வெளியே காத்திருந்தவர்களுக்கும் அது கேட்டது. அடுத்தவர் அறிவுரையே சொல்லவில்லை. அன்றாடம் செய்யும் சின்ன வேலைகளைக் குறித்துவரச் சொன்னார், குளித்ததைக்கூட எழுதினேன். மெதுவாகத்தான் தெளிந்தது, ஆனால் தெளிந்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை. ஆகவே அரசு மருத்துவமனைகள் கதவைச் சாத்திப் பேசத் தனி அறை ஒதுக்க வேண்டும். ஓர் ஆலோசகர் ஒத்துவராவிட்டால் வேறொருவரைப் பாருங்கள், விட்டுவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஒரு வாசகி,
தஞ்சாவூர்